கேட்டில் ஒட்டிய முகம்

ஆளில்லாத வீட்டைக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், ஜூன் மாதம் அந்தச் சனிக்கிழமை வரைக்கும்.

எங்கள் வடமேற்குப் பக்கத்துக் கிராமங்களில் அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. யாராவது செத்தால் படம் போட்டு அஞ்சலித் தாள் அடித்து வீட்டுக் கேட்டில் ஒட்டுவோம். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, வருஷம் திரும்பினால் ஒன்று. பழைய தாளை யாரும் கிழிக்க மாட்டார்கள், அது ஆகாது. ஆகவே கேட்டைப் படித்தாலே வீட்டின் கதை தெரிந்துவிடும். கணவனுக்கு ஒரு தாள், மனைவிக்கு ஒரு தாள், கேட்டிலிருந்து வாசல்படி வரை செந்தட்டிச் செடி இடுப்பளவு. அவ்வளவுதான், வீடு காலி. புதுத் தாள் இருந்தால் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு தடவை நகரத்திலிருந்து வந்து ஒட்டிவிட்டு, கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, இருட்டுவதற்குள் ஓடிவிடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் செந்தட்டி பொய் சொல்லாது. அப்படித்தான் நம்பியிருந்தேன்.

நானும் என் தம்பி போய்கோவும் வ்ராத்ஸா நகரத்தில் இருக்கிறோம். நான் ஒரு பல் வைத்தியரிடம் வேலை பார்க்கிறேன், அவன் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறான். லீவு கிடைத்தால் காமிராவைத் தூக்கிக்கொண்டு கைவிடப்பட்ட வீடு, பள்ளிக்கூடம், பால் பண்ணை என்று ஏறி இறங்குவோம். எதையும் எடுக்கக் கூடாது, எதையும் விட்டுவரக் கூடாது, இடத்தின் பெயரை வெளியே சொல்லக் கூடாது. எங்களைப் போன்றவர்களுக்கு இந்த மூன்றும் வேதம். அதனால் இந்த ஊரின் பெயரையும் சொல்ல மாட்டேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மூன்று வருஷத்துக்கு முன் ராங்கெல் எங்களோடு வந்து சேர்ந்தார். அறுபதை நெருங்குகிற ஆள். ஸ்பெயினில் ஆரஞ்சு பறிக்கப் போய் ரொம்ப நாள் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறார், மரச்சாமான் கம்பெனி ஒன்றில் காவல் வேலை. அதற்கு மேல் அவரைப் பற்றி எங்களுக்குத் தெரியாது. வால்நட் ஆகாது என்பது மட்டும் தெரியும். ஒரு துணுக்கு பட்டால் போதும், உதடு வீங்கிவிடும். நான் கேக் கொடுத்தால் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து ஓரத்தில் வைப்பார்.

"கண்ணிவெடி எடுக்கற மாதிரி எடுக்குறீங்கண்ணே" என்பான் போய்கோ.

அவரிடம் காமிரா இருந்ததே தவிர, படம் எடுத்து நான் அதிகம் பார்த்ததில்லை. நாங்கள் ஜன்னலில் விழும் வெளிச்சத்துக்காக அடித்துக்கொள்ளும்போது இவர் பாட்டுக்கு அணைந்துபோன அடுப்பைத் தொட்டுப் பார்ப்பார். யாரோ விட்டுப்போன கட்டிலில் உட்காருவார். ஒரு தடவை நாற்காலி ஒன்றைத் துடைத்து மேசைக்குப் பக்கத்தில் சரியாகப் போட்டுவிட்டு வந்தார். எதையும் நகர்த்தக் கூடாது என்று நான் திட்டியதற்கு, "சாப்பிட உக்காந்தா இடிக்கும்மா" என்றார். யார் சாப்பிட உட்காருவார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கிறுக்கு என்று விட்டுவிட்டேன்.

இடம் தேர்ந்தெடுப்பது எங்களுக்குள் முறைவைத்து நடக்கும். ராங்கெல் தன் முறையை எப்போதும் போய்கோவுக்குக் கொடுத்துவிடுவார். இந்தத் தடவை மட்டும், "நான் ஒரு இடம் சொல்றேன். சனிக்கிழமை போகலாம்" என்றார்.

"அது செத்தவங்க சனிக்கிழமைண்ணே. ஊர்ல மிச்சம் இருக்கறவங்க பூரா கல்லறைக்குப் போயிருப்பாங்க, அன்னிக்கா போறது?" என்றேன்.

"அதனாலதாம்மா" என்றார்.

போனோம். தெருவில் ஒரு பூனைகூட இல்லை. செர்ரி மரங்கள் பறிக்க ஆளில்லாமல் பழத்தை ரோட்டில் கொட்டியிருந்தன. ராங்கெல் வழி கேட்காமல், போர்டைப் பார்க்காமல், "இங்க லெஃப்ட், இந்தக் குழிய பாத்துப் போ" என்று சொல்லிக்கொண்டு வந்தார். வீடும் நல்ல வீடுதான், எங்கள் கணக்கில். கூரை ஒரு பக்கம் உள்ளே விழுந்திருந்தது. பலகை ஜன்னல்கள் சாத்திக் கிடந்தன. செந்தட்டி என் இடுப்புக்கு மேலே நின்றது.

கேட்டை முதலில் படித்தது போய்கோ.

"அக்கா, இங்க வாயேன். இந்தாளு நம்ம அண்ணன் மாதிரியே இல்ல?"

வெளுத்துப்போன பழைய தாள்களுக்கு மேலே, பிளாஸ்டிக் உறைக்குள் புதிதாகவே இருந்தது அந்தத் தாள். 'நீ இல்லாமல் ஏழு ஆண்டுகள்' என்று மேலே. நடுவில் மீசை வைத்த வாட்டசாட்டமான ஆள், கோட்டில் பூ குத்தியிருக்கிறார். கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்திருக்கிறார்கள். தோள் ஓரத்தில் மணப்பெண்ணின் வெள்ளை லேஸ் துணி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே, 'ராங்கெல் ஸ்தாமெனோவ் மித்தோவ்'. அதற்கும் கீழே, 'மறவாத மனைவி வெலிகா'.

பெயர் இவருடையது. முகமும் இவருடையது, மீசையும் வயசும்தான் வித்தியாசம். ஆள் என் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணே, நீங்க செத்து ஏழு வருஷம் ஆச்சாம். எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலயே. மூணு வருஷமா உங்களுக்கு நான் வாங்கிக் குடுத்த பீரெல்லாம் எங்கதான் போச்சு?" என்றான் போய்கோ.

நான் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. அண்ணன் தம்பி யாராவதா, அதே பெயர் வைத்த சித்தப்பா மகனா, வேலையற்றவன் எவனாவது விளையாடுகிறானா என்று என் மூளை ஓடியது. ராங்கெலைப் பார்த்தேன். அவருக்கே ஒன்றும் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்தத் தாளை ஒரு விரலால் தொட்டார், சூடான பாத்திரத்தைத் தொட்ட மாதிரி எடுத்துக்கொண்டார். பிறகு கேட்டைத் தள்ளி, செந்தட்டி கையில் பட்டுச் சிவந்ததைக்கூடக் கவனிக்காமல் உள்ளே போனார்.

வேறு வழி? பின்னாலேயே போனோம்.

முன்னறையில் தூசி, விழுந்த காரை, எலிப் புழுக்கை. ஆனால் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஓர் ஆம்பளைக் கோட்டு தொங்கியது. அதில் மட்டும் தூசி இல்லை. ராங்கெல் அதன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்டில் இருந்த படத்தில் பூ குத்தியிருந்த அதே கோட்டு.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணே, இது யாரு வீடு? வாயத் தொறந்து சொல்லுங்க."

"எங்க வீடு."

"எங்க வீடுன்னா?"

"வெலிகா என் பொண்டாட்டி. நான் ஸ்பெயினுக்குப் போனேன், கிறிஸ்துமஸுக்கு வந்துடுறேன்னு சொல்லிட்டு. பன்னெண்டு வருஷம் ஆச்சு."

"அங்க வேற யாராவது...?"

"இல்லம்மா."

"ஜெயில்ல இருந்தீங்களா?"

"இல்ல. அந்தக் கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் கெடைக்கல. ஃபோன் பண்ணேன், அழுதா. மறுவாரம் பண்ணலாம்னு விட்டேன். அப்புறம் ஒரு மாசம் ஆயிடுச்சு. இவ்வளவு நாள் ஏன் பண்ணலன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு யோசிச்சேன். யோசிக்க யோசிக்க வருஷம் ஆயிடுச்சு. அப்புறம் எதச் சொல்லியும் ஃபோன் பண்ண முடியல."

சண்டை போட்டுப் போனவனைப் புரிந்துகொள்ளலாம். இன்னொருத்தியோடு போனவனைக்கூட நாலு வார்த்தை திட்டிவிட்டுப் புரிந்துகொள்ளலாம். ஒரு காரணமும் இல்லாமல், ஒரு ஃபோன் தள்ளிப்போனதில் பன்னிரண்டு வருஷம் போனது என்றால் என்ன செய்வது? எனக்குக் கோபம் வந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"இங்கேந்து ஒரு மணி நேரத் தூரத்துல மூணு வருஷமா உக்காந்திருக்கீங்களே."

"அவ கல்லறைக்குப் போயிருக்கற நேரமா வந்து, ஒரு தடவ பாத்துட்டுப் போயிடலாம்னு நெனச்சேன். வீடு எப்படி இருக்கு, கட்டில் எங்க இருக்குன்னு. நேர்ல நிக்கற தைரியம் இல்லம்மா. அவ என்னய ஏத்துக்குவாளான்னு தெரிஞ்சாப் போதும், அப்புறம் செத்தாலும் பரவால்ல."

"அதான் ஏற்கனவே செத்துட்டீங்களே" என்றான் போய்கோ. சொன்ன பிறகு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, மூன்று வருஷமாக அந்த அடுப்பையும் கட்டிலையும் ஏன் தொட்டுத் தொட்டுப் பார்த்தார் என்று. அடுத்தவன் வீட்டில் ஏறி ஏறித் தன் வீட்டுக்குள் நுழையப் பழகியிருக்கிறார் மனுஷன். கோபத்துக்கு நடுவில் பாவமாகவும் இருந்தது.

எங்கிருந்தோ வெங்காயம் வதங்கிய வாசனை வந்தது. பின்கதவைத் திறந்தேன். திறந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

பின்பக்கம் வேறு உலகமாக இருந்தது. பெருக்கிய முற்றம், கொம்பு நட்டு ஏற்றிவிட்ட பீன்ஸ் கொடி, கயிற்றில் காயும் மெத்தை உறை. ஓரத்தில் கோடைச் சமையல்கட்டு, வெள்ளையடித்துச் சுத்தமாக. அடுப்பில் மூடி போட்ட பானை சூடாக இருந்தது. பின் கேட்டிலிருந்து சமையல்கட்டுக்கு நடந்து நடந்து மண் பளபளத்தது. அந்தம்மாள் முன்வீட்டை விழ விட்டுவிட்டு, பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்திருக்கிறாள். நான் முன்னால் செந்தட்டியை அளந்துகொண்டு நின்றிருக்கிறேன். ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள் திருடன் மாதிரி நுழைந்தாகிவிட்டது. என் பெருமை அந்த முற்றத்திலேயே செத்தது.

"கெளம்புங்க" என்றேன். கிளம்புவதற்குள் பின் கேட் திறந்தது.

சின்ன உருவம். கறுப்புத் தலைத்துணி, காலில் பழைய விளையாட்டு ஷூ, கையில் கூடை. எங்களைப் பார்த்தாள். காமிராவைப் பார்த்தாள்.

"படம் புடிக்கறவங்களா?" என்றாள். "போன மாசமும் ரெண்டு பேர் வந்து முன்பக்கத்த புடிச்சுட்டுப் போனாங்க. ஆளில்லாத வீடுன்னு இன்டர்நெட்டுல போட்டிருக்காம், ரொட்டி வண்டிக்காரர் காட்டினாரு. அப்ப நான் இங்க பீன்ஸுக்குத் தண்ணி விட்டுட்டு இருந்திருப்பேன்."

"மன்னிச்சுக்குங்கம்மா. தெரியாம வந்துட்டோம்" என்றேன். காது சுட்டது.

அவள் பார்வை போய்கோ மேல் போனது, பிறகு ராங்கெல் மேல். அங்கே கொஞ்சம் நின்றது. கூடை நழுவவில்லை, முகம் மாறவில்லை. ராங்கெல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததா, தெரியவில்லையா? கண்ணில் புரை ஏதும் இருக்குமோ என்றுகூடப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

போய்கோவுக்கு வாய் சும்மா இருக்காது. "கேட்ல இருக்கறது உங்க வீட்டுக்காரராம்மா? என்ன ஆச்சு அவருக்கு?"

நான் அவன் முதுகில் கிள்ளினேன். லேட்.

"ஸ்பெயின்ல போயிட்டாரு" என்றாள். "என்ன ஆச்சுன்னு தெரியாது. தகவல் இல்ல. மொத அஞ்சு வருஷம் ஊர்ல பாக்கறவங்க எல்லாம் எப்ப வர்றாரு, எப்ப வர்றாருன்னு கேட்டாங்க. கடைக்குப் போனா கேப்பாங்க, கோயிலுக்குப் போனா கேப்பாங்க. அப்புறம் தாள் அடிச்சு ஒட்டினேன். அதோட யாரும் கேக்கல. நானும் நிம்மதியா கடைக்குப் போயிட்டு வந்தேன்."

ராங்கெலின் கையில் தொப்பி சுருண்டது. நான் அவளுக்காக அழுவதா, அவரைப் பிடித்து நாலு சாத்து சாத்துவதா என்று தெரியாமல் நின்றேன்.

"வந்ததுதான் வந்தே, என்னய ஒரு படம் புடிச்சுக் குடும்மா" என்றாள் என்னிடம். "எனக்கும் ஒரு நாளைக்குத் தாள் அடிப்பாங்க இல்ல. என்கிட்ட கல்யாணப் படந்தான் இருக்கு. அதையும் வெட்டியாச்சு."

தலைத்துணியை அவிழ்த்து முடியைத் தடவிவிட்டுக்கொண்டு வெள்ளைச் சுவர் முன்னால் நின்றாள். நான் காமிராவைக் கண்ணுக்கு வைத்தேன்.

"அந்த அய்யாவ கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லும்மா. நெழல் என் மேல விழுது."

அய்யா என்றாள். வழிப்போக்கனைச் சொல்வது போலத்தான் சொன்னாள். ராங்கெல் தள்ளி நின்றார். அவள் சொன்ன விதத்தைப் பார்த்து, தெரியவில்லை, அவளுக்கு அடையாளமே தெரியவில்லை என்று முடிவுகட்டிவிட்டேன். படத்தை எடுத்தேன்.

"செத்தவங்க சனிக்கிழமை. வெறும் வாயோட போகக் கூடாது" என்று சமையல்கட்டுக்குள் கூட்டிப்போய்க் கூடையை அடுப்பங்கரைத் திட்டில் வைத்தாள். செத்தவர் பெயரைச் சொல்லிக் கல்லறையில் கொடுத்தது போக மிச்சம். வேகவைத்த கோதுமை, பிளாஸ்டிக் கப்புகளில், மேலே பொடித்த சர்க்கரை, சர்க்கரை மேல் பாதிப் பாதியாக வால்நட். ஒரு கப்பை என்னிடம் நீட்டி, "எங்கம்மாவுக்கு" என்றாள். "கடவுள் மன்னிக்கட்டும்" என்று முறைப்படி சொல்லி வாங்கிக்கொண்டேன். போய்கோவுக்கு, "எங்கப்பாவுக்கு." அவனும் சொன்னான்.

மூன்றாவது கப்பை எடுத்தாள். நீட்டவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் வெளிச்சத்துக்காகத் திரும்பி நின்றுகொண்டு, விரலால் வால்நட்டை எடுத்துத் திட்டில் வைத்தது அவள் தோளுக்கு மேலாகத் தெரிந்தது. ஒன்று. இன்னொன்று. சர்க்கரைக்குள் புதைந்திருந்த துணுக்கைக்கூடக் கரண்டிக் காம்பால் கிளறி எடுத்தாள். எடுத்த இடத்தில் சர்க்கரையை மறுபடி தடவிச் சமமாக்கினாள். போய்கோவின் வாய் திறந்தது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

கப்பை ராங்கெலிடம் நீட்டினாள். "என் வீட்டுக்காரருக்கு. ராங்கெல்னு பேரு."

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் வெள்ளைச் சர்க்கரை.

"வாங்கினா சொல்லணும்" என்றாள்.

"கடவுள்" என்றார். மறுபடி ஆரம்பித்தார். "கடவுள் ராங்கெல மன்னிக்கட்டும்."

"சாப்பிடுங்க. கோதும ஒண்ணுகூட மிச்சம் வைக்கக் கூடாது."

நின்றபடியே சாப்பிட்டார். தன் பெயருக்குப் போட்ட கோதுமையைக் கண்ணீர் வடியத் தின்கிற ஓர் ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அவள் அவரைப் பார்க்கவில்லை. பானையைக் கிளறினாள். எங்களை உட்காரவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. நாங்களாகக் கிளம்பினோம்.

"படத்தக் குடுத்தனுப்பும்மா" என்றாள் பானையைப் பார்த்தபடி. "தபால்ல போடாத, இங்க தபால்காரர் வந்து நாளாச்சு. யாராவது கொண்டு வரட்டும்."

"யாரும்மா?"

"யாராவது. முன்பக்கமா வர வேணாம், செந்தட்டி அரிக்கும். பின்னால வரட்டும்."

காரில் ஏறினோம். பெரிய ரோடு வந்த பிறகுதான் ராங்கெல் வாயைத் திறந்தார். காலிக் கப் இன்னும் மடியில் இருந்தது.

"அவளுக்குத் தெரிஞ்சுடுச்சு."

"தெரியாம என்ன? முதுகக் காட்டிக்கிட்டே எல்லாத்தயும் சொல்லிட்டாங்க" என்றேன்.

"தெரிஞ்சும் ஏம்மா அய்யான்னா? ஏன் தள்ளி நிக்கச் சொன்னா? தாள கிழிக்கலயே. திட்டக்கூட இல்லயே. திட்டியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும்."

எனக்கும் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். வெலிகா காமிராவைப் பார்க்கவில்லை. ராங்கெல் தள்ளி நின்ற பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பா, கோபமா, அழப்போகிறாளா? பல்லைப் பார்த்தே மனுஷரை எடைபோடுகிறவள் நான், எனக்கே தெரியவில்லை. அஞ்சலித் தாளுக்கு லாயக்கில்லாத படம் என்பது மட்டும் நிச்சயம். அதையே பிரிண்ட் போட்டேன்.

புதன்கிழமை ராங்கெல் வந்தார். முகம் மழித்து, சட்டை இஸ்திரி போட்டு. கவரைக் கொடுத்தேன். பஸ் நிற்கும் இடம் வரை கூடவே போனேன். விட்டால் பாதியில் திரும்பிவிடுவாரோ என்று பயம்.

"நெவ்யானா" என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு. "நான் இப்ப செத்தவனா போறேனா, உசுரோட போறேனா?"

பின்னால் இருந்தவர்கள் ஏறச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"வால்நட்ட எடுத்துட்டுதானே குடுத்தாங்க" என்றேன். "ஏறுங்கண்ணே."

ஏறினார். கவரை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் சொன்னது சரிதானா என்று நினைத்துக்கொண்டே வேலைக்குப் போனேன்.